பால்கனி சிகரெட்டும் பையனின் இளைப்பும்

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. மாதம் தவறாமல் சளி, ராத்திரியில் இருமல், சில நாள் நெஞ்சில் விசில் சத்தம். கணவர் தினமும் நாலைந்து சிகரெட் பிடிப்பார், பால்கனியில் நின்றுதான். பையன் ஒல்லி. கண்ணுக்குக் கீழே கருப்பு, கன்னத்தில் வெள்ளைத் திட்டு. அப்பாவின் சிகரெட் புகையால் பிள்ளைக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஸ்கேன் எடுக்கலாமா? போன முறை மீந்த ஆன்டிபயாடிக், சளி சிரப் கொடுத்தேன். பக்கத்து வீட்டு நெபுலைசரும் வைத்தேன்.

பதில்: ஸ்கேன் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது புற்றுநோயின் அறிகுறிகளே இல்லை. அந்த வீடியோவை மறுபடி பார்க்காதீர்கள். கண்ணுக்குக் கீழே கருப்பு, மூக்கடைப்பு உள்ள பல குழந்தைகளுக்கு இருப்பதுதான். கன்னத்துத் திட்டு தானாக மறையும். எடை வயதுக்கேற்ப ஏறி வந்தால் ஒல்லியாக இருப்பதும் நோயில்லை.

நான் கவலைப்படுவது அந்த விசில் சத்தத்தைப் பற்றி. அது இளைப்பு, அதாவது வீசிங். மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்ணிய முடிகள்தான் சளியை மேலே தள்ளி வெளியேற்றுகின்றன. புகை பட்டால் அவை சோர்ந்துபோகும். குழாய் வீங்கி, சளி தேங்கும். 3 வயதுப் பிள்ளையின் குழாய் ஏற்கெனவே குறுகல். கொஞ்சம் வீங்கினாலே மூச்சு தடைபடும்.

அடுத்த முறை இருமலோடு இளைக்கும்போது சட்டையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் நெஞ்சைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுகிறதா? அழாமல் அமைதியாக இருக்கும் நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், தவறிவிடும். இந்த வயதில் 40-க்கு மேல் போனாலோ, குழி விழுந்தாலோ, பேசவும் தண்ணீர் குடிக்கவும் திணறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உதடு நீலம் பூத்தால் 108-ஐ அழையுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, பெற்றோர் பலர் ஏமாறுவது இதில்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் விசில் சத்தம் திடீரென்று நின்று, துவண்டு படுத்தால், சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். உள்ளே காற்றே போகாததால்கூடச் சத்தம் நிற்கும். அப்போதும் நெஞ்சைப் பாருங்கள்.

மருந்து விஷயத்தில் எனக்குக் கோபம்தான். குழந்தைகளின் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மீந்த பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் என்ற இரண்டு மருந்துகளும் கலந்த சளி சிரப்பை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் சொல்லிவிட்டது. உங்கள் பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள். இரவல் நெபுலைசரில் அடுத்தவர் மாஸ்க், அடுத்தவர் மருந்து, அடுத்தவர் அளவு. அதை வைத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் கழியும் ஒரு மணி நேரம்தான் ஆபத்து. இன்ஹேலர் தேவையா என்பதை நேரில் பார்க்கும் குழந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும். இந்த வயதில் அதை ஸ்பேசர் என்ற குழாய் போன்ற டப்பாவை மாட்டித்தான் கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறான் என்றால் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். புகை இருக்கும் வீடுகளில் நடுக்காதில் நீர் கோப்பது அதிகம்.

இனி உங்கள் கணவர் படிக்கட்டும். ஐயா, நீங்கள் வீட்டுக்குள் பிடிக்காமல் இருப்பது நல்லதுதான், புகை குறைகிறது. ஆனால் போதாது. பால்கனிக் கதவு இடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். கடைசி இழுப்புக்குப் பிறகும் சில நிமிடங்கள் உங்கள் மூச்சில் புகை வரும். சட்டையிலும் மீசையிலும் விரல்களிலும் நிகோட்டின் ஒட்டியிருக்கும். அந்தக் கையோடுதான் பையனைத் தூக்குகிறீர்கள். இந்த அளவு புகை பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது. பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு, உங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு அந்தச் சட்டம் வராது. அங்கே நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். விடத் தனியாகப் போராட வேண்டியதில்லை. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை சொல்வார்கள். நிகோட்டின் சூயிங்கம், பேட்ச் எல்லாம் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். விடும்வரை, தெருவுக்கு இறங்கிப் பிடித்து, சட்டை மாற்றி, கை வாய் கழுவிய பிறகே பிள்ளையைத் தொடுங்கள். காரில் ஒருபோதும் வேண்டாம்.

அம்மா, நடந்ததற்கெல்லாம் பையன் நுரையீரல் கெட்டே போய்விட்டது என்று பயப்படாதீர்கள். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. புகை நின்றால் இளைப்பு வருவது குறைய நல்ல வாய்ப்பு உண்டு. படுக்கையறையில் கொசுவர்த்தி கொளுத்துவதையும், சாம்பிராணி போடுவதையும் நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். ரூம் ஸ்பிரேயும் வேண்டாம். இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.