வீட்டில் மிஞ்சும் ஊசியும் மருந்தும்: கேள்வி பதில்

சேலத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தெரிந்தவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கேட்டவர் இருக்கும் பகுதியின் பெயரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன்.

அம்மாப்பேட்டை: அப்பா தினமும் இன்சுலின் போடுகிறார். ஊசியை மூடி போட்டுக் குப்பையில் எறிந்தால் போதாதா அம்மா?

போதாது தம்பி. மூடி கழன்றுவிடும். எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் அம்மா, ஒருநாள் வாழைப்பழத் தோலுக்கு நடுவே கையை விட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு ரத்தம். யார் வீட்டு ஊசி, யாருக்கு என்ன நோய், ஒன்றும் தெரியாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி, அப்புறம் எச்.ஐ.வி. மூன்றும் ஊசி குத்திப் பரவக்கூடியவை. விரலைப் பிதுக்க விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, அப்போதே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் மாத்திரை விழுங்கினார். நம் வீட்டுச் சோம்பலுக்கு அவர் ஏன் விழுங்க வேண்டும்?

துணி துவைக்கும் திரவம் வருகிற கெட்டியான டப்பாவை எடுத்து வையுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துவிடும். ஊசி போட்ட கையோடு அதற்குள் போடுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, டேப் சுற்றி, ‘ஊசி’ என்று பெரிதாக எழுதி, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே இவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகச் சொல்லியிருந்தன. நீங்கள் போகும் மருத்துவமனை வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஏற்காடு: காலாவதியான மாத்திரைகளைத் தோட்டத்தில் புதைக்கலாமா, எரிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். மலையில் புதைப்பது மழையோடு கீழே இறங்கும். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்துதான் சேலத்துக்குள் வருகிறது. எரித்தால் அட்டையின் பிளாஸ்டிக் நச்சுப்புகையாகும். உங்கள் ஊரில் காப்பிச் சக்கைக்கா பஞ்சம்? மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பொடிக்காமல், ஈரச் சக்கையில் கலந்து டப்பாவில் அடைத்து, ஊசியைப் போலவே தனியாகக் கொடுங்கள். நாயும் குழந்தையும் தொடாது. டானிக்கையும் அப்படியே செய்யலாம். புற்றுநோய் மருந்தை மட்டும் சிகிச்சை தந்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: இறந்துபோன பாட்டி கடும் வலிக்குச் சாப்பிட்ட மார்ஃபின் மாத்திரைகள் இருக்கின்றன. என்ன செய்வது?

மருத்துவமனை திரும்ப வாங்காவிட்டால், கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் இப்படிக் கழிக்கச் சொன்ன 17 மருந்துகளில் மார்ஃபினும் ஒன்று. தெரியாமல் ஒரு குழந்தை விழுங்கினால் உயிரே போகும் என்பதால்தான் இந்த விதிவிலக்கு. அந்தப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு இது பொருந்தாது.

அஸ்தம்பட்டி: பாதரச வெப்பமானி உடைந்துவிட்டது.

துடைப்பத்தை எடுக்காதீர்கள், இன்னும் சிதறும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒதுக்கி, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் மூடித் தனியாகக் கொடுங்கள்.

குகை: மீந்த ஆன்டிபயாடிக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?

கூடாது.