குழுவில் பகிர்ந்தால் என் நாவல் பறிபோகுமா?

கேள்வி: நாங்கள் ஒன்பது பேர் வாட்ஸ்அப் குழு அமைத்து, நவம்பர் மாதத்துக்குள் ஆளுக்கொரு நாவல் எழுதத் திட்டமிட்டிருக்கிறோம். அன்றன்று எழுதியதை இரவில் குழுவில் போட வேண்டும். என் கதையை யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. 6,500 ரூபாய் கொடுத்தால் பதிப்புரிமையும், ஐஎஸ்பிஎன் என்கிற நூல் அடையாள எண்ணும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கட்ட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

பதிப்புரிமை யாரோ வாங்கித் தரும் பொருள் அல்ல. நீங்கள் சொந்தமாக ஒரு பத்தி எழுதியதுமே 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. பதிந்தே ஆக வேண்டும் என்றாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் மத்திய அரசு முகமை அதை இலவசமாகத் தருகிறது. இலவசமாகக் கிடைப்பதை ஒருவர் ஆயிரக்கணக்கில் விற்க முடிகிறதே, எப்படி? தமிழில் மட்டும் எழுதிப் பழகிய ஒருவருக்கு அந்தப் படிவங்கள் புரிவதில்லை. பதிப்புரிமைக்கு விண்ணப்பித்தால், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் எப்போது முடியும் என்று யாரும் சொல்வதில்லை. நாவலையே ஒரு மாதத்தில் எழுதிவிடலாம், சான்றிதழை வாங்க முடியவில்லை! இந்த அலைச்சலில்தான் தரகர் பிழைக்கிறார். அதோடு, நவம்பரில் நீங்கள் எழுதப்போவது முதல் வரைவு. எப்படியும் திருத்தி எழுதுவீர்கள். அதைப் பதிவுசெய்து என்ன பயன்?

இனி, திருட்டுப் பயம். கதைக்கருவுக்கு உரிமை கிடையாது, எழுதிய விதத்துக்கே உண்டு; 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தாமிரபரணி வெள்ளத்தில் தொலைந்த அண்ணனைத் தேடிப் போகும் பெண் என்று நீங்கள் ஒரு வரி சொன்னால், அதை வைத்து இன்னொருவர் வேறு நாவல் எழுதலாம். ஆகவே கருவை முன்கூட்டி விவரிக்காதீர்கள். எழுதிய பக்கங்களைப் போடுங்கள். தேதியும் நேரமும் விழுந்த அந்தச் செய்தி, எட்டுப் பேர் கண்ட சாட்சி. குழுவில் செய்திகள் தானாக மறையும் வசதி இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இருபதாம் தேதிவாக்கில் யாராவது திணறுவார்கள். தோழி ஒருவர், "அந்த ரயில் நிலையக் காட்சியை நான் எழுதித் தருகிறேன்" என்பார். எழுத்துப்பிழை திருத்துவது, "முடிவை மாற்று" என்று யோசனை சொல்வது, இவற்றால் ஒருவர் இணை ஆசிரியர் ஆகிவிட மாட்டார். ஆனால் அவர் எழுதிய பக்கங்கள் அவருடையவை. தனி அத்தியாயமாக நின்றால் அந்த அத்தியாயம் அவருக்கு உரியது. இருவர் எழுத்தும் பிரிக்க முடியாமல் கலந்துவிட்டால், இருவருமே ஆசிரியர்கள் என்ற நிலை வரும். பத்து வருட நட்பு இதில் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியைப் படித்துவிட்டு மூடிவைத்து, உங்கள் சொற்களில் எழுதுங்கள். அவர் எழுதியதே வேண்டும் என்றால் உரிமையை உங்களுக்குத் தருவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; வாய்ப்பேச்சில் உரிமை மாறாது.

குழுவைவிட நான் அஞ்சுவது போட்டிப் படிவங்களுக்குத்தான். ஒரே மாதத்தில் நாவல் எழுதும் இந்தப் பழக்கம், 1999இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேர் தொடங்கியது; நானோரைமோ (NaNoWriMo) என்று பெயர். 50,000 சொல் இலக்கும் அங்கிருந்து வந்ததுதான். கலந்துகொள்ளக் கட்டணம் இருந்ததில்லை. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. இனி அதன் பெயரைச் சொல்லி யாராவது நுழைவுக் கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள். ஓர் இளைஞர் என்னிடம் கொண்டுவந்த போட்டிப் படிவத்தில் நான்கு பக்கங்கள். கையெழுத்து முதல் பக்கத்தில். மூன்றாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், திரைப்படம், மொழிபெயர்ப்பு, ஒலிநூல் உட்பட அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக நடத்துநருக்கு என்று இருந்தது. அவருக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும் இரண்டு பிரதிகளும்.

உங்களிடம் பேசும் நபரும் கடைசியில் ஒரு தாளை நீட்டுவார். அதைக் கையெழுத்திடாமல் வீட்டுக்கு வாங்கி வாருங்கள். கொடுக்க மறுத்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.