போட்டியில் பழகிய கை பயணத்துக்கு உதவுமா?

பொல்கொடை ஏரியில் லேசர் என்ற, ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்ப்படகில் சில போட்டிகள் ஓடியிருக்கிறேன். இனி நண்பர்களோடு 35 அடிப் பாய்ப்படகில் காங்கேசன்துறையிலிருந்து நெடுந்தீவுப் பக்கம் போக ஆசை. கற்றது கைகொடுக்குமா? (பருத்தித்துறை வாசகர்)

பாதிக்கு மேல் கைகொடுக்கும். முக்கியமாகப் பாய் பிடிக்கும் கை. காற்றோட்டம் காட்டப் பாயில் ஒட்டிய இரண்டு நூல்களும் சீராகப் பின்னோக்கிப் பறக்கும்வரை கயிற்றை இழுத்தும் விட்டும் பார்ப்பது உங்களுக்கு ஊறிப்போன பழக்கம். பயணக்காரர் பலர் பாயைக் கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். அரை நொட் (மணிக்கு அரைக் கடல் மைல்) வேகம் கூடினாலே ஒரு நாளில் 12 கடல் மைல் மிச்சம்.

அடுத்தது, காற்று திரும்புவதைக் கண்டுபிடிக்கும் கண். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் நெடுந்தீவுக்குப் போனால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். 45 பாகையில் வளைந்து வளைந்து போனால் 10 மைல் தூரம் 14 மைல் ஓட்டமாகிவிடும். காற்று பத்துப் பாகை சாதகமாகத் திரும்பியதை உடனே பிடிப்பவர் அதில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பார்.

கைகொடுக்காதது, துணிச்சல். லேசர் கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே ஏறிவிடலாம். அதன் உடல் 60 கிலோ கூட இல்லை. உங்கள் புதுப் படகு பல தொன். துறைமுகச் சுவரில் மோதப் போகிறதென்று காலை நீட்டித் தடுக்கப் பார்க்காதீர்கள், கால் போய்விடும்.

காற்று கூடினாலும் முழுப்பாயோடு ஓடினால்தானே வேகம்?

இல்லை. இவ்வளவு பெரிய படகுப் போட்டியில் ஏழெட்டுப் பேர் மேல் விளிம்பில் குந்தியிருந்து படகை நிமிர்த்துவார்கள். பயணத்தில் ஒருவர் சமைப்பார், ஒருவர் சத்தி எடுப்பார். 25 பாகைக்கு மேல் சரிந்தால் சுக்கான் கனக்கும், படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், வேகமும் குறையும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். பாய்மரத்தடியில் ஆள் உறுதியாக நிற்க முடிகிற போதே பாயைச் சுருக்கிவிடுங்கள்.

போட்டி விதியும் கடல் விதியும் ஒன்றா?

அடிப்படை ஒன்றுதான். இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் வாங்கும் படகுக்கு விலக வேண்டும். ஆனால் வலை விட்டுத் தொழில் செய்யும் படகுக்குப் பாய்ப்படகுதான் விலக வேண்டும். போட்டிப் பழக்கத்தில் வழியுரிமை எனக்கே என்று அடம்பிடிக்கக் கூடாது.

என் கதையையும் சொல்கிறேன். மிதவையை ஒரு சாண் இடைவெளியில் சுற்றிப் பழகியவன் நான். அதே திமிரில் கடனீரேரியில் தடி நட்டு வலை கட்டிய ஒரு களங்கண்டியை உரசிப் போனேன். தடியும் முறிந்தது, வலையும் கிழிந்தது. வலைக்காரர் பேசிய பேச்சு இன்னும் காதில் கேட்கிறது. நியாயமான பேச்சுத்தான்.

நங்கூரம் போடுவது?

போட்டி அதைச் சொல்லித்தராது. கயிறென்றால் ஆழத்தைப் போல 7 மடங்கு, சங்கிலியென்றால் 5 மடங்கு விடுங்கள். படகின் தலைப்பக்கத்து உயரத்தையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆட்கள் போட்டி ஓடியா அமெரிக்கா போனார்கள்? (வல்வெட்டித்துறை வாசகர்)

சரியான கேள்வி. உங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், கைமாறிப் பேரும் மாறி, உங்கள் ஊர்க்காரர்களோடு 1938இல் மசாசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகம் சேர்ந்தது. அவர்களுக்குப் போட்டி தேவைப்படவில்லை. சின்ன வயதிலிருந்தே கப்பலில் கிடந்து வளர்ந்தவர்கள். வார இறுதியில் மட்டும் பாய் விரிக்கும் நமக்கு அந்த வருடங்கள் எங்கே கிடைக்கும்? ஒரு மணித்தியாலப் போட்டியில் இருபது தடவை பாயைப் பக்கம் மாற்றுவோம். பயணத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்றினாலே பெரிது. அதனால்தான் பயணம் போக ஆசைப்படுகிறவர்களையும் நாலு போட்டி ஓடிப் பாருங்கள் என்கிறேன். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை.