சைக்கிள் வாங்கும்போது ஐப்பசியை நினையுங்கள்

கேள்வி: வேளச்சேரியில் வீடு, பெருங்குடியில் அலுவலகம். போக 6 கிலோமீட்டர், வர 6. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இனி சைக்கிளில் போவது என்று முடிவு செய்துவிட்டேன். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. முன்புறம் ஷாக் அப்சார்பர், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர், தடித்த டயர் உள்ள சைக்கிளைக் கடைக்காரர் காட்டுகிறார். “வருடம் முழுவதும் தாங்கும்” என்கிறார். வாங்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: அந்தச் சைக்கிளில் என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னென்ன இல்லை என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் மட்கார்டு இருக்காது, கேரியர் இருக்காது, செயின் கவர் இருக்காது. ஐப்பசி பிறந்து தரமணி இணைப்புச் சாலையில் முதல் மழைத் தண்ணீர் நிற்கும் நாளில், பின்சக்கரம் உங்கள் வெள்ளைச் சட்டையின் முதுகில் சேற்றால் நாமம் போட்டுவிடும். அலுவலகத்துக்குப் போகும் சைக்கிளுக்கு மட்கார்டு இல்லையென்றால், மற்றது எது இருந்தும் பயனில்லை.

ஷாக் அப்சார்பர் இந்த விலையில் சுமைதான். மேடேற எழுந்து மிதிக்கும்போது உங்கள் பலத்தில் ஒரு பங்கை அது அமுங்கியே விழுங்கிவிடும். இரண்டு மழைக்காலம் கடந்தால் உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்து அமுங்குவதையும் நிறுத்திவிடும். வேளச்சேரியிலிருந்து பெருங்குடிவரை மலை ஏதும் இல்லை. மேம்பாலம்தான் ஏற்றம். அதற்கு 21 கியர் வேண்டாம், பின்னால் மட்டும் 7 கியர் போதும். கியர் இல்லாமலே ஓட்டுகிறவர்களும் ஏராளம்.

டிஸ்க் பிரேக்கை நான் பழிக்கவில்லை. மழையில் அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் மலிவு விலை டிஸ்க் அடிக்கடி உரசும், அடிக்கடி சரிசெய்ய வேண்டும். செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே போய்விடும். என் சைக்கிளுக்கு ஒரு கடைப் பையன் அன்போடு இப்படிச் செய்துகொடுத்து, தெருமுனைவரை நான் காலைத் தேய்த்துக்கொண்டு போனது தனிக்கதை. ரிம்மை இருபுறமும் ரப்பர் கட்டையால் கவ்வும் வி-பிரேக், கடைகளில் ‘பவர் பிரேக்’ என்று சொல்வது, உங்களுக்குப் போதும். கட்டை தேய்ந்தால் தெருமுனைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை: ரிம் அலுமினியமாக இருக்க வேண்டும். பளபளக்கும் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். கடைக்குப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிம்மில் ஒட்டினால் அது இரும்பு. கடைக்காரர் ‘அலாய்’ என்று சத்தியம் செய்தாலும் காந்தம் பொய் சொல்லாது.

டயர் 700x35 அளவிலோ, 26 அங்குலச் சக்கரம் என்றால் 1.75 அல்லது 1.95 அகலத்திலோ, பொத்தான்கள் துருத்தாமல் இருக்கட்டும். பொத்தான் டயர் தார்ச்சாலையில் ‘உம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே உங்கள் உழைப்பைத் தின்னும்.

சைக்கிளுக்கே 15,000 ரூபாயையும் கொடுத்துவிடாதீர்கள். 3,000 ரூபாயைத் தனியே எடுத்துவையுங்கள். முழு நீள மட்கார்டு, முன்னும் பின்னும் விளக்கு, கேரியர், நல்ல பூட்டு எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். மெல்லிய கம்பிவடப் பூட்டைக் கையளவு கட்டரால் நறுக்கிவிடலாம். ‘யு’ வடிவ இரும்புப் பூட்டை வாங்கி, சக்கரத்தோடு ஃபிரேமையும் சேர்த்துக் கம்பத்தில் பூட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைச்சீட்டைக் காட்டினால் கேள்வி கேளுங்கள்.

இனி பருவங்கள். சித்திரை வெயிலில் டயர் வெடிக்கும் என்று பயமுறுத்துவார்கள். 25 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. காற்று அடைத்த டயர் 45 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 4 பி.எஸ்.ஐ.தான் கூடும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாமல் காற்றடித்திருந்தால் பயமில்லை. வெயிலில் உண்மையில் கெடுவது வேறு: பழைய பஞ்சர் ஒட்டுகள் சூட்டில் இளகும், நாள்தோறும் வெயிலில் நிற்கும் டயரின் ரப்பர் வெடிப்பு விடும். நிழலில் நிறுத்த அலுவலகத்தில் இடம் இருக்கிறதா என்று சைக்கிள் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் கெடுவது பெடல் அச்சு, அதாவது இரண்டு பெடல் தண்டுகளையும் இணைத்து ஃபிரேமுக்குள் சுழலும் அச்சு. தரையிலிருந்து அது ஏறக்குறைய ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனாலே மூழ்கிவிடும். உள்ளே இருக்கும் பால்ரஸ் கிரீஸை இழந்து, பத்து நாளில் ‘கிறீச்’ என்று ஊரைக் கூட்டும். அப்படி ஒரு நாள் நேர்ந்தால், மழை விட்ட வாரமே கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைக்கும் ‘ஓவராயில்’ செய்துவிடுங்கள். தண்ணீருக்கு அடியில் சாலை தெரியவில்லை என்றால் ஏறி மிதிக்க வேண்டாம், மூடி இல்லாத சாக்கடைக் குழி சைக்கிளையும் ஆளையும் சேர்த்து விழுங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதி இருந்த நிலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது போன்ற நாளில் விடுப்புதான் சரியான வாகனம்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கத்தை நிறுத்துங்கள். புழுதியை இழுத்துப் பிசினாக்கிவிடும். துரு இளக்கும் ஸ்ப்ரேயும் செயின் எண்ணெய்க்கு மாற்றாகாது. நனைந்து வீடு திரும்பினால் பழைய துணியால் செயினைத் துடையுங்கள். பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் எண்ணெய், மேலே வழிவதை மீண்டும் துடைக்க வேண்டும், அவ்வளவே. மார்கழியில் ஒன்றும் செய்ய வேண்டாம், பனிமூட்டத்தில் விளக்கு எரிந்தால் போதும். ஆண்டிலேயே மிதிக்கச் சுகமான மாதம் அது.

கேள்வி: கோவை உக்கடத்திலிருந்து குனியமுத்தூர் தாண்டி வேலைக்குப் போகிறேன். சுடிதார்தான் அணிவேன். ஆடி மாதம் வந்தால் எதிர்க்காற்றில் சைக்கிள் நகர மறுக்கிறது. என்னுடையது கியர் இல்லாதது. மாற்ற வேண்டுமா? (கோவை வாசகி)

பதில்: உங்கள் எதிரி பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே உங்கள் சாலைக்குள் புகுகிறது. அம்மியையே பறக்கவிடும் காற்று என்று பழமொழி சொல்வது சும்மா இல்லை.

சைக்கிளை மாற்றுமுன் செயின் ஓடும் சக்கரங்களின் பல்லை எண்ணுங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று இருந்தால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். பின்னால் இருக்கும் பல்சக்கரத்தை (ஃப்ரீவீல்) 20 அல்லது 22 பல் உள்ளதாக மாற்றினால் மிதி இலகுவாகும். புதுச் சைக்கிளின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகச் சிறிது. செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம். சமதரையில் வேகம் கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாலையில் அதே காற்று உங்களை முதுகில் தள்ளிக்கொண்டு வீட்டில் விடுமே!

இதற்கும் அடங்கவில்லை என்றால் 7 கியர் சைக்கிளுக்குப் போகலாம். பின்னால் 28 பல் கிடைக்கும். ஆனால் கியர் சைக்கிள்கள் பலவற்றில் முழுச் செயின் கவரும், துப்பட்டா சிக்காமல் தடுக்கும் பின்சக்கர வலையும் இருப்பதில்லை. பறக்கும் துப்பட்டா ஆரக்கம்பியில் சிக்குவது எதிர்க்காற்றைவிடப் பெரிய ஆபத்து. நீங்கள் இருவேறு கடைகளில் ஏறி இறங்கினாலும் வலை உள்ள மாடலையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் வாங்கிய சைக்கிள். நவம்பர் மழையில் ரிம் துருப்பிடித்துவிட்டது, பெடல் அச்சில் சத்தம். கடைக்காரர் “தண்ணீரில் ஓட்டினால் வாரண்டி கிடையாது” என்கிறார். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்றும் அச்சிட்டிருக்கிறது. வழி உண்டா? (தாம்பரம் வாசகர்)

பதில்: இரண்டு புகாரையும் பிரித்துக்கொள்ளுங்கள். துருவுக்கு வழக்காடி வெல்வது கடினம். வாரண்டி அட்டைகளில் துரு, டயர், டியூப், பிரேக் கட்டை ஆகியவற்றைப் பெரும்பாலும் விலக்கியே எழுதியிருப்பார்கள். அட்டையைப் படித்துப் பாருங்கள். பெடல் அச்சின் கதை வேறு. சாதாரண மழையில், மூன்றே மாதத்தில் சத்தம் வந்தால், பூட்டும்போதே கிரீஸ் வைக்காமல் விட்டிருக்கக்கூடும். வேறொரு மெக்கானிக்கிடம் கழற்றச் சொல்லி, வறண்ட பால்ரஸைப் படம் எடுத்துவையுங்கள். அவரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கினால் இன்னும் நல்லது.

பில்லில் இருக்கும் அந்த வாசகத்துக்கு அஞ்ச வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உங்கள் வழக்கில் 30 நாள் கடந்துவிட்டது, அதனால் பணத்தைத் திரும்பக் கேட்பதைவிட இலவசமாகச் சரிசெய்து தரும்படி கேட்பதே பலிக்கும். முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன்பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஒரு பெடல் அச்சுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டால், முதல் கடிதத்திலேயே பல கடைகள் இறங்கிவந்துவிடும் என்பேன்.

கேள்வி: மின்சார சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டுமா? (சேலம் வாசகர்)

பதில்: பெடல் உள்ளதாக, மோட்டார் 250 வாட்டுக்குள், மோட்டாரின் உதவி 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடுவதாக இருந்தால் உரிமமும் பதிவும் வேண்டாம். ‘வேகப் பூட்டைத் திறந்தால் 45 போகும்’ என்று கடையில் யாராவது கண் சிமிட்டினால், அப்படித் திறந்த வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச்செல்லும் மாடலாக வாங்குங்கள். மழையில் நனைந்து வந்தால், சார்ஜர் முனை ஈரம் காய்ந்த பிறகே மின்சாரத்தில் செருக வேண்டும்.