ஸ்பெயினின் மயோர்க்கா தீவின் மலையும் கடற்கரையும்: கேள்வி பதில்

கேள்வி: சார், எஸ் ட்ரெங்க் கடற்கரைப் படங்களில் வெள்ளை மணலும் நீலத் தண்ணீருமாக இருக்கிறது. ஏப்ரலில் போன நண்பரோ, கரையெல்லாம் பழுப்புக் குப்பை என்கிறார். ஏன் அள்ளுவதில்லை?

பதில்: அது குப்பை இல்லை. பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. பாசி என்றும் பலர் நினைக்கிறார்கள். வேர், பூ, காய் எல்லாம் உள்ள செடி அது; இங்குள்ள இனம் மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்கிறது. இலையுதிர் காலத்தில் உதிரும் இலைகளை அலை கரையில் கொண்டுவந்து குவிக்கிறது. குளிர்காலப் புயல்கள் மணலை அரித்துப் போகாமல் காப்பது அந்தக் குவியல்தான். நீங்கள் படத்தில் பார்த்த மணலிலேயே பெரும்பங்கு, புல்வெளியிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓட்டுத் தூள். தண்ணீர் கலங்காமல் இருப்பதற்கும் புல்லே காரணம். மிதக்கும் துகள்களைப் பிடித்து அடியில் தங்கவைக்கிறது. இயந்திரம் வைத்து அள்ளினால் இலையோடு மணலும் போய்விடும்.

இந்தப் புல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். நங்கூரம் கிழித்த இடம் மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். 2018இல் மயோர்க்கா அடங்கிய பலேரிக் தீவுகளின் அரசு இதன் மேல் நங்கூரம் போடுவதைத் தடைசெய்தது. படகு வாடகைக்கு எடுப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: அடியில் கறுப்பாகத் தெரிந்தால் புல், வெளிறித் தெரிந்தால் மணல். மணலில் மட்டும் போடுங்கள்.

கேள்வி: தென்கிழக்குக் கரையில் கடல் இடுக்கு இடுக்காக நிலத்துக்குள் நுழைகிறதே, எப்படி?

பதில்: அவற்றை அங்கே 'காலா' என்பார்கள். பனி யுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. ஓடைகள் சுண்ணாம்புப் பாறையை வெட்டிப் பள்ளத்தாக்குகளாக்கின. பனி உருகிக் கடல் ஏறியதும் அவற்றின் வாய்ப்பகுதி மூழ்கியது. அதனால்தான் இருபுறமும் செங்குத்துப் பாறை, உட்கோடியில் மட்டும் கொஞ்சம் மணல். மொண்ட்ராகோ பூங்காவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கேள்வி: அண்ணா, தீவில் ஆறே கிடையாதா?

பதில்: வற்றாத ஆறு கிடையாது. மழைநீரைச் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சிவிடும். ஆனால் பெருமழை பெய்தால் காய்ந்த ஓடைகள் நிமிடங்களில் காட்டாறாகும். 2018 அக்டோபரில் சாந்த் யோரென்ஸ் பகுதி வெள்ளத்தில் 13 பேர் இறந்தார்கள். மழை அறிவிப்பு இருந்தால் எந்தப் பள்ளத்தாக்கிலும் இறங்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. மலையையும் கடலையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: சொயேர் துறைமுகத்திலிருந்து சா கலோப்ரா என்ற கடற்கரைக்குப் படகில் போங்கள். வடமேற்குக் கரை நெடுக த்ராமுந்தானா மலை கடலில் வந்து இறங்குவதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இறங்கியபின் பாறையைக் குடைந்த நடைபாதை வழியே டொரெண்ட் தெ பரெய்ஸ் பள்ளத்தாக்கின் வாய்க்குச் சிறு நடைதான். கரை முழுக்கக் கூழாங்கல். அம்மாவுக்குக் கைத்தடி வேண்டும். 1930களில் பொறியாளர் அந்தோனியோ பரியெட்டி அமைத்த மலைச் சாலையும் அங்கே வருகிறது. ஒரே இடத்தில் தன் மேலேயே வளைந்து, தன் பாலத்தின் அடியில் நுழைந்து போகும் சாலை. அழகுதான், ஆனால் வளைவுகளில் தலை சுற்றுபவர்களுக்குப் படகே நல்லது. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, காலையிலேயே விசாரித்துவிடுங்கள்.