பாஸ்டர் தடுத்தால் கல்யாணம் நிற்க வேண்டுமா?

கேள்வி: பெரம்பூரில் ஒரு தனிச் சபைக்குப் பல வருடமாகப் போகிறோம். மகளுக்குப் பேசி முடித்த வரனை, "கர்த்தருடைய சித்தம் இல்லை, தரிசனத்தில் பார்த்தேன்" என்று பாஸ்டர் நிறுத்தச் சொல்கிறார். கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்ட என் கணவரிடம், "அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்றார். என் அப்பா காலத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோவிலில் இப்படி இல்லையே? இது எங்கிருந்து வந்தது? நாங்கள் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: சகோதரி, இது உங்கள் பாஸ்டர் தாமாகக் கண்டுபிடித்தது அல்ல. 1948 பிப்ரவரியில் கனடாவின் நார்த் பேட்டில்ஃபோர்டு என்ற ஊரில், ஓர் அநாதை இல்லத்தோடு சேர்ந்த வேதாகமப் பள்ளியில் 'பின்மாரி' எழுப்புதல் தொடங்கியது. முந்தின ஆண்டு வான்கூவரில் வில்லியம் பிரான்ஹாம் என்ற அமெரிக்கப் பிரசங்கியார் நடத்திய சுகமளிக்கும் கூட்டங்களைப் பார்த்துச் சூடேறி வந்தவர்கள் அவர்கள். எபேசியர் 4:11-இல் வரும் அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் கடைசி நாட்களில் மறுபடி எழும்புவார்கள் என்றார்கள். தலையில் கைவைத்து, 'நீ இன்னது செய்' என்று ஆளுக்கு ஆள் தீர்க்கதரிசனம் சொல்லும் வழக்கமும் அங்கிருந்து பரவியது. மறு ஆண்டே அமெரிக்காவின் அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை அமைப்பு இதை ஏற்க மறுத்தது. ஆனாலும் போதனை பரவிக்கொண்டேதான் இருந்தது.

அடுத்தது புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல். 1970-இல் அங்கே ஓர் ஊழியத்தின் தலைவர் ஒழுக்கத்தில் விழுந்தார். நமக்கும் இந்தக் கதி வரக் கூடாது என்று டெரிக் பிரின்ஸ், பாப் மம்ஃபோர்டு, டான் பாஷம், சார்ல்ஸ் சிம்ப்சன் என்ற போதகர்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுக்க உடன்பட்டார்கள். பிரான்ஹாமோடு ஊழியம் செய்த எர்ன் பாக்ஸ்டர் பின்னால் சேர்ந்தார். கெட்ட எண்ணத்தில் ஆரம்பித்தது அல்ல இது. ஆனால் சமமானவர்களுக்குள் இருந்த ஏற்பாட்டைக் கீழே உள்ள விசுவாசிகளுக்குக் கொண்டுபோனபோது, அது ஒருவழிப் பாதையாகிவிட்டது. ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு 'மேய்ப்பன்', அவருக்கு மேல் இன்னொருவர். வேலை, வீடு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) அவர் கைக்கே. 1975-இல் பெரிய சர்ச்சை வெடித்தது. 1983-இல் பிரின்ஸ் விலகினார். 1989-இல் மம்ஃபோர்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அங்கே மன்னிப்புக் கேட்டு விட்டதை இங்கே இன்னும் விடவில்லை. காரணம், நம் ஊர்த் தனிச் சபையின் அமைப்பு. சி.எஸ்.ஐ.யில் ஆயருக்கு இடமாற்றம் உண்டு, தேர்ந்தெடுத்த கமிட்டி உண்டு, மேலே பேராயர் உண்டு. (அங்கேயும் தேர்தல் சண்டை, கோர்ட்டு வழக்கு எல்லாம் தாராளமாக உண்டு. ஆனாலும் சண்டை போட ஓர் இடமாவது இருக்கிறது.) தனிச் சபைகள் பலவற்றில் ஆரம்பித்தவரே பாஸ்டர், அவர் குடும்பமே டிரஸ்ட். 'ஆவிக்குரிய தகப்பன்' என்ற பேச்சு, அப்பா சொல்லைத் தட்டாத நம் வீட்டுப் பழக்கத்தோடு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் கணவரிடம் சொன்ன வசனம் சங்கீதம் 105:15. அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். அங்கே எச்சரிக்கப்படுகிறவர்கள் ராஜாக்கள். காக்கப்படுவது ஊர் ஊராக அலைந்த ஆபிரகாமின் குடும்பம். தீர்க்கதரிசனத்தை மற்றவர்கள் நிதானிக்க (சோதித்துப் பார்க்க) வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14:29 கேட்கிறது. தனியறையில் ஒருவர் கண்ட தரிசனத்தை யார் நிதானிப்பது?

முதலில் கல்யாணம். பையனைப் பற்றி வழக்கம்போல விசாரியுங்கள்: வேலை, கடன், குடி, அவன் சபையில் நாலு பேர். "வரனில் என்ன குறை கண்டீர்கள்?" என்று பாஸ்டரிடம் கேளுங்கள். தெரிந்த குறை இருந்தால் அது தகவல், மதிக்க வேண்டியது. தரிசனம் மட்டும்தான் என்றால், முடிவு உங்கள் மகளுடையது. 'நான் நடத்தி வைக்க மாட்டேன்' என்றால் பயப்படாதீர்கள். 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி லைசென்ஸ் உள்ள வேறு போதகர் நடத்தலாம். லைசென்ஸைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அது இல்லாமலேயே கல்யாணம் நடத்துகிறவர்கள் உண்டு, பிறகு பதிவின்போது தலைவலி. தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிய வேண்டும்.

கணக்கை வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சில்தான் பதில் வரும். இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்துப் போய், கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். டிரஸ்ட் பத்திரமும் கடைசி ஆண்டின் தணிக்கை அறிக்கையும் கேட்டால் போதும். 'மோசடி' என்ற சொல் வேண்டாம். 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீது) இல்லை என்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்படாதீர்கள். ஒரே மதத்தாருக்கான அமைப்புகளுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. பார்க்க வேண்டியது நிலம். சர்வே எண் தெரிந்தால் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை நீங்களே பார்க்கலாம். கட்டட நிதியில் வாங்கிய இடம் டிரஸ்ட் பேரில் இல்லாமல் தனி ஆள் பேரில் இருந்தால், அன்றோடு காணிக்கையை நிறுத்துங்கள்.

விலக நேர்ந்தால் வாட்ஸ்அப் குழுவில் சண்டை வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் போதும். பழைய சிநேகிதர்கள் சில மாதம் பேச மாட்டார்கள். பேசக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். புதுச் சபையில் உடனே அங்கத்தினராகாதீர்கள். இங்கே கணக்கு வாசிப்பது எந்த மாதம் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது முகம் எப்படி மாறுகிறது என்றும் பாருங்கள்.