மருத்துவமனை நெறிமுறைகளையும் சட்ட விதிகளையும் எவ்வாறு கடைப்பிடிக்கிறது?

உரிமங்களும் பதிவேடுகளும் சரியாக இருந்தாலே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மீறக்கூடாத எல்லையைச் சட்டம் சொல்கிறது; அந்த எல்லைக்குள் நோயாளிக்கு எது நியாயம் என்பதை நெறிமுறைதான் தீர்மானிக்கிறது.

மருத்துவக் கழிவு, கதிர்வீச்சுக் கருவிகள், போதைத்தன்மையுள்ள மருந்துகளின் இருப்பு, கட்டணப் பட்டியல் ஆகியவற்றை விதிகளுக்கான பொறுப்பு அலுவலர் காலமுறைப்படி சரிபார்க்கிறார். அவர் நிர்வாகக் குழுவிடம் நேரடியாக அறிக்கை அளிக்க முடியவேண்டும். வருவாய்க்குப் பொறுப்பான மேலாளரின் கீழ் அவரை அமர்த்தினால் அப்பதவி பெயரளவுக்கே இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

நெறிமுறைக் குழுவின் பணி வேறு. செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வதா என்பதில் குடும்பத்தினரும் மருத்துவரும் முரண்படும்போது அது ஆலோசனை வழங்குகிறது. மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்குத் தனிக் குழு உண்டு. மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிமுறையான, 1964இல் வெளியான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 1975ஆம் ஆண்டுத் திருத்தம் சுயேச்சையான குழுவின் பரிசீலனையை வலியுறுத்தியது.

சட்டமும் நெறிமுறையும் சந்திக்கும் இடம் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம். அறுவை அரங்கின் வாசலில், ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரிடம் பேனாவை நீட்டி வாங்கிய கையெழுத்து கோப்பில் குறையில்லாமல் தெரியும். ஆனால் அவருக்கு மறுக்க அவகாசமே இருந்திருக்காது. முந்தைய நாளே ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விளக்கி, புரிந்ததை அவர் சொற்களிலேயே திருப்பிச் சொல்லக் கேட்பதே மெய்யான ஒப்புதல்.

தவறுகளைத் தெரிவிப்பதும் இப்படித்தான்; விதி மட்டும் போதாது. மருந்துச் சீட்டில் தசமப் புள்ளி விடுபட்டு அளவு பத்து மடங்கானதைக் கவனித்துச் சொல்லும் செவிலியரைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அந்த வார்டில் எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.